தார் வந்ததும்

முத்துக்குமரன் மலையடியில் தார் முடிகிறது.
அங்கிருந்து பீஞ்சமந்தை வரைக்கும்
மழை என்ன சொல்கிறதோ அதுதான் ரோடு.

இடது சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது
தடுப்பூசிப் பெட்டி.
ஐஸ் இன்னும் நாலு மணி நேரம் தாங்கும்.
ஆஸ்பத்திரி ஜீப் ஒர்க்‌ஷாப்பில்.
என் வண்டி, என் டீசல், என் புதன்கிழமை.
ஆல் வீல் டிரைவ், எங்கேயும் போகும் என்று
காட்பாடி ஷோரூமில் சொன்னார்கள்.
தவணை நாற்பத்தொன்று பாக்கி.

மூன்றாவது வளைவில்
செம்மண் சோப்பாகியிருந்தது.
முன்சக்கரம் நின்ற இடத்திலேயே
ஊர்போய்ச் சேர்ந்துவிடும் வேகத்தில் சுற்றியது.
ஒரு விக்கல் நேரம் கழித்துத்தான்
பின்சக்கரத்துக்குச் சேதி போனது.

வழுக்கிய பிறகு யோசிக்கிற வண்டி.
எது சும்மா சுற்றுகிறதோ அதற்கே அள்ளிக் கொடுக்கும்,
மண்ணைப் பிடித்து நிற்பது பட்டினி.
(எங்கள் அலுவலகத்திலும் இது உண்டு, சீனியாரிட்டி என்று பெயர்.)
சுற்றுகிறதைப் பிரேக் கடித்துக் கடித்துத்
திருத்தப் பார்த்தது கம்ப்யூட்டர்.
பிறகு திரையில் மஞ்சளாய் ஒரு வரி:
கிளட்ச் சூடு. ஓய்வு தேவை.

எனக்கும்தான் என்றேன்.

பின்னால் எத்திராசு ஜீப்.
ரேஷன் அரிசி பதினெட்டு மூட்டை,
அதன்மேல் ஆறு பேர், ஒரு ஆட்டுக்குட்டி.
ஹாரன் அடிக்கவில்லை.
இறங்கி வந்து என் டயரைப் பார்த்தான்,
பல் டாக்டர் மாதிரி.
"இன்னாக்கா, கல்யாணத்துக்குப் போற செருப்ப
நாலு காலுக்கும் மாட்டினு வந்துகீற."

சின்ன லீவரை இழுத்தான். கட்டக்.
முன்னச்சும் பின்னச்சும் ஒரே பூட்டு.
இதில் யாரும் யாருக்கும் சேதி அனுப்புவதில்லை,
சேர்ந்தே சுற்றும், சேர்ந்தே கடிக்கும்.
பாறை ஓரமாய் என்னைத் தாண்டிப் போய்
சங்கிலி கட்டி
குட்டைக் கியரில் இழுத்தான்.
நடந்து வந்த கிழவர் எங்களை முந்திப் போனார்.

பீஞ்சமந்தையில் திறந்தபோது
பெட்டிக்குள் ஆறு டிகிரி.
பதினாலு குழந்தைகள் அழுதன. நல்ல அழுகை.

இறக்கம் வேறு கதை.
ஏறுவதற்கு எத்தனை சக்கரம் உழைத்தாலென்ன,
நிற்பதற்கு எல்லாருக்கும் நாலுதான்.
என் வண்டி டக்டக்டக் என்று
ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாகப் பிடித்துவிட்டு
நண்டு போல இறங்கியது.
முன்னே போன எத்திராசு
சாமை மூட்டைகளோடு பக்கவாட்டில் வழுக்கி
காட்டுக்கல்லில் உரசி நின்றான்.

நான் இறங்கிப் போய் அவன் டயரைப் பார்த்தேன்.
பின்னால் இரண்டிலும் பல்லே இல்லை.
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

அடிவாரத்தில் தார் வந்தது.
ஒடுகத்தூர் திருப்பத்தில் ஜீப் முனகியது,
டயர் ரப்பரைத் தரையில் தேய்த்துத் தேய்த்து.
லீவரை மறந்துவிட்டான்.
சேற்றில் சேர்த்துக் கட்டியதைத்
தாரில் அவிழ்க்க வேண்டும். திருப்பத்தில்
நாலு சக்கரத்துக்கும் நாலு தூரம்.
"கழட்டு எத்திராசு!" என்று கத்தினேன்.
கை காட்டினான். கட்டக்.

அவன் சங்கிலி என் டிக்கியில் கிடக்கிறது,
சேறு காய்ந்து.
அடுத்த புதன் கொடுக்க வேண்டும்.
டயரும் பார்க்க வேண்டும், பணம் வந்தால்.