தமிழ்ப் பெயர் என்ற கட்டம்

பத்தொன்பது வருஷம் முதுகில் பம்பு.
பதினெட்டு லிட்டர் நீல மருந்து,
விடியலில் நிறைத்தால்
பத்து மணிக்குள் ஆறு தடவை காலி.
செம்பனைக்கு நடுவே முளைத்த எல்லாவற்றுக்கும்
என்னிடம் ஒரே பெயர்தான் இருந்தது:
களை.

ஆற்றோரம் நாற்பது தப்படிக்கு
இனி மருந்து அடிக்கக் கூடாதென்று
ஆபீசுக்குக் கடிதம் வந்த மாதம்
பதினாறாம் கட்டை மண்டபத்தில் கூட்டம்.
புவனேந்திரன் வொர்க்‌ஷாப்பைச் சாத்திவிட்டு
கையில் கிரீஸோடு வந்தான்.
மீன் லோரி ஆ கியோங்
நாற்று வைக்க இருபது பெட்டி கொண்டுவந்தார்,
எத்தனை கழுவியும் கெம்போங் மீன் வாசம்.
மேலாற்றிலிருந்து பா தெரா,
ஒரு கோணிப்பையும்
பேச்சு முடியட்டும் என்ற முகமுமாக.
நான் பிஸ்கட் தட்டு தூக்கப் போனவள்.

மாவட்ட அலுவலகப் பையன் அட்டவணையை விரித்தான்.
மலாய்ப் பெயர். செமாய்ப் பெயர். சீனப் பெயர்.
தமிழ்ப் பெயர்.
கடைசிக் கட்டம் மேலிருந்து கீழ்வரை வெள்ளை.

பா தெரா கோணியைக் கவிழ்த்தார்.
மேசைமேல் மண், வேர், நெளியும் ஒரு புழு.
"இது என்ன, யாருக்காவது தெரியுமா?"
மண்டபம் மொத்தமும் காற்றாடியைப் பார்த்தது.
என் வாய் முந்திக்கொண்டது:
"மூணு நாள்."

வெற்றிலை மாதிரி இலை, மெத்தென்று.
திங்கள் அடித்தால் வியாழன் கறுத்து மடங்கும்.
பக்கத்தில் கிடப்பது நடிப்புக்காரி,
செத்த மாதிரி படுத்திருந்து
ஒரு மழைக்கு
சுருண்ட விரலை மண்ணிலிருந்து நீட்டுவாள்.
இந்த ஊதாப் பூ சாகவே சாகாது.
இதனால் மண்டோரிடம் நான் வாங்கிய ஏச்சுக்குக்
கணக்கில்லை.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
புவனேந்திரன் சிரிக்கவில்லை, பேனா மூடியைக் கழற்றினான்.
கடுக்: மூணு நாள்.
பூச்சுக் பாக்கு: நடிப்புக்காரி.
செண்டுடுக்: மண்டோர் ஏச்சு.
இருபத்தாறு பெயர். தேநீர் ஆறிப்போனது.
எழுத எழுத எனக்குக் கை நடுங்கியது,
அத்தனையும் அவை செத்த விதம்.

பா தெரா நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.
அப்படியானால், என்றார் மலாயில்,
ஏச்சு வாங்கித் தந்தவள்
தோட்டத்து எல்லையில் நிற்கட்டும்.
நடிக்கிறவள் நடுவில்.
மூணு நாள்காரி தண்ணீர் ஓரம்.
காற்று திரும்பிச் சாரல் இந்தப் பக்கம் வந்தால்
தாங்குகிறவள் முதலில் தாங்கட்டும்.

அப்படித்தான் நட்டோம்.
நவம்பர் வெள்ளம் பாதியைக் கொண்டுபோனது.
மிச்சத்தில் கால்வாசியை சின்னக்கருப்பன் மாடு.
அடுத்த ஞாயிறு அவர் முள்கம்பிச் சுருளோடு வந்தார்,
எங்கள் குழுவில்
வெட்கத்தால் சேர்ந்த ஒரே ஆள்.
இப்போது எல்லோருக்கும் முன்னால் வருகிறார்.

திங்கள் முதல் சனிவரை
நான் அந்தப் பக்கம் அடிக்கிறேன்.
ஞாயிறு இந்தப் பக்கம் நடுகிறேன்.
இரண்டுக்கும் ஒரே பூட்ஸ்தான்.
சம்பளம் ஆறு நாளுக்கு.
குழாயடியில் இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான்
நாற்பது தப்படிக்குள் கால் வைப்பேன்.
யாரும் சொல்லவில்லை, நானாக.

அட்டவணையில் ஒரு வரி மட்டும் பாக்கி.
நெராம்.
ஆற்றின்மேல் சாய்ந்து நிற்கும் பெரிய மரம்,
என் பம்பு எட்டாத இடம்.
அது எத்தனை நாளில் சாகும் என்று
எனக்குத் தெரியாது.
பேனாவை நீட்டுகிறான் புவனேந்திரன்.
பொறு தம்பி, என்கிறேன்,
சாவதைப் பார்க்காமல் பேர் வைத்து எனக்குப் பழக்கமில்லை.

அதன் இறக்கை வைத்த காய்கள்
நாற்பது பொறுக்கி விதைத்தோம்.
ஆ கியோங்கின் பெட்டியொன்றில்
ஒன்று முளைத்திருக்கிறது,
இன்னும் தோலைத் தலையில் சுமந்தபடி.