பதினாலாம் நம்பர்

யூனியன் பிளேஸ், ஏழாம் மாடி.
இரவு ஒன்றேகாலுக்கு சேர்வரை எழுப்புகிறேன்.
முதலில் கண் விழிப்பது லிசினர்.
ஒருவரும் இன்னும் வரவில்லை.
தரவுத்தளத்தின் பத்துச் சாவிகளைப்
பொது ஆணியில் கொழுவிவிட்டு
ஒதுங்கி நிற்கிறது.

பிறகுதான் சேர்வ்லெட்.
கேட்டால் மட்டும் வாய் திறக்கும்.
மட்டக்குளியும் மொறட்டுவையும்
ஒரே நொடியில் தட்டினாலும்
ஆளுக்கொரு கை முளைத்து
ஆணியில் சாவி எடுத்து, பதில் கொடுத்து,
சாவியைத் திரும்பக் கொழுவும்.
முகங்களை நினைவில் வைக்காது.

நான் இந்த இரண்டோடு நிறுத்தியிருந்தேன்.
அதுதான் பிழை.

போன செவ்வாய், இதய டொக்டரைச் சனல் பண்ணும் பக்கம்.
பதினாலாம் நம்பரை யாரோ பிடித்தார்,
காசு கட்டும் இடம்வரை வந்தார்,
பிறகு இல்லை.
டேட்டா முடிந்திருக்கலாம். பஸ் வந்திருக்கலாம்.
தொகையைப் பார்த்திருக்கலாம்.
போய்வருகிறேன் என்று
சேர்வ்லெட்டிடம் யார்தான் சொல்கிறார்கள்?
பதினாலு பூட்டியே கிடந்தது,
பத்தொன்பதும், இருபத்திரண்டும்.
நர்ஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டு
வெறுங்கதிரையைப் பார்த்தாளாம்.
நம்பர் முடிந்தது என்று திரும்பிப் போனவர்களில் ஒருவர்
ருஷ்தியின் மாமனார்.
ருஷ்தி என் பக்கத்து மேசை.
கோபிக்கவில்லை. பிளேன்டீயை வைத்துவிட்டு
"லொக்கைப் பார், துவாரகி" என்றான்.

இன்று இன்னொரு லிசினர் எழுதினேன், பதினொரு வரி.
வருபவர்களை அதுவும் கேட்கும். எனக்கு வேண்டியது அதல்ல.
முப்பது நிமிடம் ஒருவர் பேசாதிருந்தால்
அந்தப் பேசாமையைக் கேட்கும்.
செஷன் சாகும் தறுவாயில்
அதன் பை இன்னும் திறந்தேயிருக்கும்;
கை விட்டுத் துழாவி நம்பரை எடுத்துப்
பலகையில் திரும்ப மாட்டும்.
அடுத்தவருக்கு சேர்வ்லெட் சொல்லும், பதினாலு இருக்கிறது என்று.
யார் மாட்டியது என்று கேளாது.
இரண்டும் ஒன்றையொன்று கண்டதேயில்லை,
கூப்பிடுகிற கன்டெய்னர் மட்டும் ஒன்று.

சோதிக்க வேண்டும்.
நானே நோயாளியாகிப் பதினாலைப் பிடித்தேன்,
காசு கட்டாமல் உலாவியை மூடினேன்.
இனிக் காத்திருப்பதுதான் வேலை.
கீழே ஒரு ஓட்டோ, பிறகு ஒன்றுமில்லை.
பேர வாவியில் ஏதோ ஹோட்டலின் சிவப்பு எழுத்து
தலைகீழாய் ஆடுகிறது.
தெஹிவளையில் ஒரு வாடகை அறையிலிருந்து
நானும் இப்படித்தான் வந்தேன்,
மேசையில் சாவி, ஒரு வார்த்தை இல்லை.
எத்தனை நாள் எனக்கும் சேர்த்து
அரிசி போட்டாளோ சம்ருதி.

முப்பது நிமிடம் கடந்தது. வரவில்லை.
பயந்துபோனேன்.
பிறகு நினைவு வந்தது, கன்டெய்னர்
இடைக்கிடைதான் எழுந்து சுற்றிப் பார்க்கும்.

ஒன்று ஐம்பத்தொன்று.
லொக்கில் ஒரு வரி:
14 விடுவிக்கப்பட்டது.

திரையை மூடப் போனேன்.
ஒன்று ஐம்பத்துநாலுக்கு, இந்த ஊரில்
தூக்கம் வராத யாரோ
சேர்வ்லெட்டைத் தட்டிப் பதினாலைக் கேட்டார்.
காசும் கட்டினார்.