நகப்பூச்சுப் புள்ளி

பாட்டுக்கு இரண்டு பெட்டி போதும் என்றேன்.
படத்துக்கு ஐந்து வேணும் என்றாள் மெலிற்றா.
காலி வீதிக் கடையில் விலை கேட்டோம்.
பையன் சொன்ன தொகைக்குள்
எங்கள் ஆறு மாத வாடகை
சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.
எதிர்க்கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு வந்தோம்.

வீட்டில் ஒரு ஸ்டீரியோ அம்ப் இருந்தது,
சூடேறினால் கராம்பு மணக்கும், ஏனென்று தெரியாது.
கனடா போன மேல்மாடிக்காரர் விட்டுப்போன
மரப்பெட்டி இரண்டும் இருந்தன.
இடப்பெட்டியின் வலைத்துணியில் பூனை கீறிய நான்கு கோடு.

பஞ்சிகாவத்தையில்,
கார் ஹோர்ன்கள் குவிந்த மேசைக்கடியிலிருந்து
ரிஸ்மி நானா ஒரு ரிசீவரை இழுத்தெடுத்தார்.
"நடு வாய் மௌத்தாப் பெய்த்து தம்பி.
பொறகால பாருங்க,
வெளிய போற ஓட்டை ரெண்டும் ஹயாத்தோட இரிக்கி."
இருபத்திரண்டாயிரம் என்றார், பதினேழில் இறங்கினார்,
சிவப்பு வெள்ளை வயரைச் சும்மா தந்தார்.

அந்த ஓட்டையிலிருந்து அம்புக்கு அந்த வயர்.
படமென்றால் ரிசீவர் யோசிக்கும், அம்ப் உழைக்கும்.
பாட்டென்றால் ரிசீவர் தூங்கலாம்.
சோபாவுக்குப் பின்னால்
கந்தோரில் கழித்த கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் இரண்டு,
மழைக்காட்சிக்கு அவை போதும்.
சப்வூஃபருக்குக் காசில்லை.
ஒன்பதேகாலுக்குப் பாணந்துறை ரயில் போகும்,
யன்னல் கண்ணாடி, கோப்பைகள், நெஞ்செலும்பு எல்லாம் அதிரும்.
எந்தப் படமென்றாலும் அந்த நேரத்தில் ஒரு வெடிப்பு.

படத்துக்கு அம்பின் குமிழ் ஒரே இடத்தில் நிற்கவேணும்.
அந்த இடத்தை ஒரு ஞாயிறு முழுக்கத் தேடினோம்.
ரிசீவர் மூலை மூலையாய் இரைந்தது,
கண்ணை மூடியபடி அவள்,
"கூட்டு... கொஞ்சம் குறை... ஆ, அதில நிப்பாட்டு."
நின்ற இடத்தில் அவளுடைய சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி.
இடப்பக்கம் மட்டும் அவளுக்குப் போதவில்லை.
"இன்னும் கூட்டு. இன்னும்."
பூனையைத் திட்டிக்கொண்டு
பெட்டியைத் திரும்பவும் ஓட்டோவில் ஏற்றினேன்.
நானா காதை வைத்துக் கேட்டார்.
"பெட்டிக்கு ஒரு நோவுமில்ல."

நடுப்பெட்டி இல்லை என்று மெனுவில் சொல்லிவிட்டேன்.
ரிசீவர் பேச்சைப் பாதி பாதியாய்ப் பிரித்து
இரண்டு பக்கமும் கொடுத்தது.
திரையில் ஒருத்தி "போகாதே" என்றாள்.
குரல் வந்தது
கரண்ட் பில் வைக்கிற வெறும் பலகையிலிருந்து.
நான் எழுந்து போய்க் கை வைத்துப் பார்த்தேன்,
பலகை நடுங்கவில்லை.
"நல்லா நடுவில கேக்குது, என்ன?"
மெலிற்றா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

குரல் நடுவில் நிற்பது ஒரு இருக்கைக்கு மட்டும்.
நாடா பிடித்து அளந்து, அதில் அவளை இருத்தினேன்.
"நீர் இரும். எனக்கு எங்க இருந்தாலும் ஒண்டுதான்."
பிறகு, வெண்டிக்காய்க்கு உப்புக் காணாது என்பதுபோல,
ஏழாம் வகுப்புக் காய்ச்சலையும் இடக்காதையும் சொன்னாள்.

எட்டு வருடம்.
மெரின் ட்ரைவில் வடக்கே நடந்தால்
கடல் பக்கம் அவள், கடைப் பக்கம் நான்.
திரும்பும்போது சுற்றி வந்து இடம் மாறுவாள்.
வெயிலுக்கு என்று நினைத்திருந்தேன்.

இப்போது ரிசீவரில் இடப்பக்கம் நாலு கூட.
படங்களில் எல்லாரும் எனக்கு
யன்னலோரம் சாய்ந்து நின்று பேசுகிறார்கள்,
அவளுக்கு நடுவில்.
பாட்டு வேறு வயரில் வருகிறது.
அதை நான் தொடவில்லை.

நேற்றுப் படம் முடிந்து
குமிழைப் புள்ளியிலிருந்து இறக்க மறந்து
மண்டலின் தட்டைப் போட்டேன்.
முதல் மீட்டலிலேயே கோப்பைகள் ரயில் வந்ததென்று நினைத்தன.
மேல்வீட்டார் விளக்குமாற்றால் தட்டினார்கள்.
குசினியிலிருந்து அவள் கத்தினாள்:
"ஐயோ, குறைக்காதையும்!
இப்பதான் ரெண்டு காதிலயும் விழுகுது."