செவுள் நிறம்

குழல் விளக்கு சாவது எப்போதும் முனைகளில்தான்.
கழற்றிப் பாருங்கள்,
இரண்டு ஓரமும் கறுத்திருக்கும்.
மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில்
உலோகம் தேய்கிறது,
ஆள் நடமாட்டம் உள்ள வீட்டின் படி மாதிரி.

நாங்கள் வாசலே வைக்கவில்லை.
நெல்லிக்காய் அளவு குவார்ட்ஸ் உருண்டை,
உள்ளே ஒரு சிட்டிகை கந்தகம், கொஞ்சம் ஆர்கான்.
இழை கிடையாது. கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு
உள்ளே போகும் கம்பியும் கிடையாது.
நுண்ணலை வெளியில் நின்றே கூப்பிடும்,
உள்ளே வாயு எழுந்து உட்காரும்.

சேதராப்பட்டில் தகரக் கூரைப் பட்டறை.
காயலான் கடை அடுப்பொன்றிலிருந்து பிடுங்கிய மேக்னெட்ரான்,
போன மாதம்வரை
யார் வீட்டுச் சாம்பாரையோ சுடவைத்துக் கொண்டிருந்தது.
அந்துவான் ஊதி மூடிய உருண்டைகளில்
பதினொன்று உருகின.
சும்மா நின்றால் தன் சூட்டில் தானே வழிந்துவிடும் சாமான் அது.
பன்னிரண்டாவதைக் குச்சியில் பொருத்தி
மேசை விசிறி மோட்டாரால் சுழற்றினோம்.

முதலில் ஒரு மங்கல் ஊதா.
பிறகு கந்தகம் ஆவியாக ஆவியாக
இருபத்தைந்து நொடியில்
மத்தியானம்.

அந்துவான் விளக்கைப் பார்க்கவில்லை.
"நம்ம சுவரு இவ்ளோ அழுக்கா?" என்றான்.

அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில்
சோதனைக்கு ஒரே ஒரு கம்பம் கொடுத்தார்கள்.
கந்தகம் என்றதும் முகம் சுளித்தார்கள்;
ரசாயனப் பெயர் எதற்கும்
இந்த ஊரில் ஒரு நெடி உண்டு.
கசியாது, மூடிய உருண்டை என்று
மூன்று மேசையில் மூன்று முறை சொன்னேன்.

விடியற்காலை மூன்றரை, ஏலம்.
அதுவரை அங்கே சோடியம் விளக்குகள்.
அவற்றின் கீழே எல்லாமே ஒரே மஞ்சள்:
வஞ்சிரம், ஐஸ் பெட்டி, ரூபாய் நோட்டு,
நேற்றுப் பிடித்தது, முந்தாநாள் பிடித்தது.

எங்களுடையது எரிந்தது.

அஞ்சலாட்சி ஒரு சங்கராவைத் தூக்கினாள்,
கட்டை விரலால் செவுளைத் திறந்தாள்.
காப்பித்தூள் நிறம்.
பக்கத்துக் கூடையில் இன்னொன்றைத் திறந்தாள்.
செம்பருத்தி.
அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.
செங்கேணியின் கூடை
இரண்டாயிரத்து நானூறில் தொடங்கி
ஆயிரத்து நூறில் வந்து விழுந்தது.

அவர் என்னிடம் வந்து நின்றார்.
"இந்த லைட்ட அந்தாண்ட திருப்ப முடியுமாம்மா?"
"எந்தாண்ட?"
"கடல் பக்கமா."

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தது
மின்மானியின் எண்களை.
பழைய இரண்டு கம்பத்தின் வெளிச்சம், ஒன்றின் மின்சாரத்தில்.
இரண்டு வருடம் கடன் வாங்கி
அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருந்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை.

நாலு பத்துக்குக் கரண்ட் போனது.
இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டது,
ஆனால் சூடான கந்தகம் உடனே மறுபடி பற்றாது,
ஆற வேண்டும்.
எங்கள் விளக்கின் பெரிய குறை அது. அறிக்கையில் ஒளிக்கவில்லை.
மேலும் நான்கு நிமிடம் இருட்டு.
வயிறு கலங்கியது எனக்கு.
ஏலக்காரர் இரண்டு தடவை விலை கூவினார்.
பெண்கள் கூடை விளிம்பில் கை வைத்தபடி
கம்பத்தை அண்ணாந்து பார்த்து நின்றார்கள்.
"எரியட்டும்" என்றாள் ஒருத்தி.
அது எரியும்வரை
ஒரு மீனும் கைமாறவில்லை.

அடுத்த வாரம் ஒரு மனு வந்தது.
வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது,
பழைய விளக்கே போதும்.
ஏழு கையெழுத்து, ஏழும் ஒரே பேனா.

அந்துவான் அதைக் கிழிக்கப் போனான்.
நான் வாங்கி, துளை போட்டு,
சோதனை அறிக்கையில் கோத்தேன்:
பக்கம் பதினாறு,
'நிறம் காட்டும் திறன்' என்ற தலைப்புக்குக் கீழே.