பயன்பாடு

பாதையில் ஏறி வாவியைக் கடந்து
சேறு தெறித்த மோட்டார் சைக்கிளில் வந்தார் நிரோஜன்.
கையில் படிவம்.
"நாவற்கண்டத்தில் பழைய கட்டடம் எத்தனை?"
ஒன்று என்றேன்.
கமக்கார அமைப்பின் செயலாளர் நான்,
சாவி என்னிடம்தான்.

கட்டிய ஆண்டு?
மிஞ்சிய ஓடு நாலைந்து பின்னால் கிடக்கு.
புரட்டினால் கள்ளிக்கோட்டை முத்திரை தெரியும்,
ஆண்டு தெரியாது.
கட்டியவர்?
உறுதியில் இருப்பது கந்தப்போடி.
வாசற்படிக்கு மேல் ஒரு செங்கல்லில்
ஐந்து விரல் பதிந்திருக்கு, சின்னக் கை.
அந்தக் கை உறுதியில் இல்லை.

பயன்பாடு?
அதற்கு ஒரேயொரு கோடு விட்டிருந்தார்கள்.

நெல்லறை என்று எழுதச் சொன்னேன்.
மறுகா, ஐம்பத்தேழு வெள்ளத்தில் தோணி கட்டிய இடம்;
வடக்குச் சன்னல் கம்பியில் கயிறு தேய்த்த தடம் இருக்கு.
மறுகா சங்கக்கடை.
கூப்பன் அரிசி, மண்ணெண்ணெய், வரிசையில் சண்டை.
எழுபத்தெட்டுச் சூறாவளி கூரையைக் கொண்டுபோனது,
கதவு மட்டும் பூட்டினபடி நின்றது.
விடிந்ததும் மனேச்சர் சாமித்தம்பி
சாவி போட்டுத் திறந்துதான் உள்ளே போனாராம்.
மறுகா தகரம் போட்டுப் பள்ளிக்கூடம்,
மூன்றாம் வகுப்பு வரைக்கும்.
மறுகா

அவர் பேனையை நிறுத்தினார்.
நானும் நிறுத்தினேன்.

தொண்ணூறிலிருந்து பதினேழு வருசம்
நாங்கள் அந்தப் பக்கம் மாடும் சாய்த்ததில்லை.
தெற்குச் சுவரில் மண்மூட்டை சாய்ந்திருந்த உயரத்துக்கு
இன்னும் ஈரம் ஊறுகிறது.
என் அண்ணன் தவராசா ஒரு பின்னேரம்
அந்தக் கதவால் உள்ளே போனவன்.
செருப்பைக் கழற்றச் சொன்னார்களாம்.
செருப்பை மட்டும் கண்டோம்.

"கோடு முடிஞ்சிட்டு அக்கா" என்றார் நிரோஜன்,
பேனை மூடியைக் கடித்தபடி.
பிறகு, படிக்கிற குரலில்:
பட்டியலில் சேர்த்தால் ஆணி அடிக்கக்கூடாது,
வெள்ளை பூசக்கூடாது,
பொருள் அடுக்கக்கூடாது.

வட்டையில் மெசின் இறங்கி மூன்று நாள்.
எண்ணூறு மூட்டை.
கிழக்கே வானம் கறுத்துக் கிடக்கு.
அதை எங்கே அடுக்க? உங்கட படிவத்திலா?

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.
உழவு மெசின் பெட்டியைப் பின்னுக்குத் தள்ளி
வாசலில் மோதாமல் நிறுத்தினான் கிருபன்.
முதல் மூட்டைகளை எப்போதும்
தெற்குச் சுவரோடுதான் அடுக்கச் சொல்வேன்,
ஈரம் நெல்லில் ஏறும் என்று தெரிந்தும்.
அடியில் பலகை போட்டு, ஒரு சாண் இடைவெளி விட்டு,
சுவர் மறையும் வரைக்கும்.

சித்திரைக்குள் நெல் விற்றுவிடும்.
சுவர் மறுபடி தெரியும்.
அப்போது வாங்க தம்பி,
அளக்க.