விலையாட்டு

ஏஜாக்ஸில் ஞாயிறு காலை ஏழு மணி.
பனி தள்ளும் வண்டி தெருவைத் திறந்து
எங்கள் வாசலை மூடிவிட்டுப் போகிறது.
தேத்தண்ணி ஆற முன்னம்
கைபேசியில் வந்து விழுகிறது வாராந்த அறிக்கை:
யதுர்சன், வயது பதினொன்று.
கணினியில் ஒன்பது மணி நாற்பது நிமிடம்.
தடுக்கப்பட்டவை பதினேழு.

பதினேழையும் பார்த்தேன்.
கோழி நெஞ்சுக்கறி சமைப்பது எப்படி: தடை.
பள்ளிக்கூட ஒப்படை அது;
நெஞ்சு என்ற சொல்லுக்கு மெசின் வெட்கப்பட்டிருக்கிறது.
பழைய போர் டாங்கி ஒன்றின் படம்: தடை.
மிச்சம் பதினைந்தும்
ஒரே துப்பாக்கி விளையாட்டின் பதினைந்து வாசல்கள்.
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்திருக்கிறான்,
வாடகைக்கு அறை தேடுகிறவன் மாதிரி.

பூட்டுப் போட்டது நான்தான்.
செப்டெம்பரில், லைப்ரரியில், பெற்றோருக்கான கூட்டத்தில்
ஒரு வெள்ளைக்காரப் பெடியன் சொல்லச் சொல்ல அழுத்தினேன்:
வன்முறை. சூதாட்டம். ஆபாசம். அந்நியரோடு அரட்டை.
கட்டத்துக்குக் கட்டம் ஒரு சரி.
இரவு ஒன்பதுக்கு இணையம் படுத்துவிடும்.
நாலு இலக்கக் கடவு எண்ணை
இவருக்கும் சொல்லவில்லை;
மகன் முகத்தைச் சுருக்கினால் இவர் சொல்லிப்போடுவார்.

பிறகு அறிக்கையைக் கீழே இழுத்தேன்.
அனுமதிக்கப்பட்டவை.
அங்கே கிடந்தது
தமிழ்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு என்றால்
ஒவ்வொரு கிழமையும் வயிற்றுக்குத்து வருகிற பிள்ளை.
ழகரம் சொல்லு என்றால்
நாக்கில் ஐஸ்கட்டி வைத்த மாதிரி முழிக்கிற பிள்ளை.
எழுத்தெழுத்தாய்த் தேடிக் குத்தியிருக்கிறான்:
துப்பாகி விலையாட்டு.
ரத்தம் வார பேய் படம்.
பிள்லை எப்படி பிரக்கும்.

மெசினுக்குத் தமிழ் தெரியாது.
என் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டான்.
மாதம் பதினெட்டு டொலர் வாங்குகிற காவல்காரன்
வல்லினம் மெல்லினம் அறியாமல்
சல்யூட் அடித்து உள்ளே விட்டிருக்கிறான்.
விலையாட்டு என்று கேட்டவனுக்கு
எங்கேயோ ஒரு சந்தையின் ஆட்டு விலை வந்திருக்கிறது.
அதையும் நாலு நிமிடம் பார்த்திருக்கிறான்.

கோபம் வந்திருக்க வேண்டும்.
கை தேடியது சிவப்புப் பேனையை.
பிரக்கும், றகரம் வேண்டும்.
பிள்லை, ஒரு வட்டம்.
துப்பாக்கியில் ககரத்துக்குத் துணையில்லை.
பெருமையும் கொஞ்சம் வந்தது, வெட்கக்கேடு;
தமிழ் ரீச்சருக்கு எழுதலாமா,
உங்கள் மாணவன் சொந்த முயற்சியில் முன்னேறுகிறான் என்று?

தடைச் சொற்களை நாமே சேர்க்க ஒரு பெட்டி இருக்கிறது.
சேர்த்தேன்: துப்பாக்கி. விளையாட்டு. இரத்தம்.
சேர்த்த பிறகுதான் உறைத்தது,
நான் எழுதியது சரியான எழுத்தில்.
பிழையாக எழுதுகிறவரைக்கும்
அவன் பிடிபடமாட்டான்.

அழிக்கப் போன விரலுக்குக் கீழே
கடைசியாய் இன்னுமொரு வரி.
வியாழன் இரவு எட்டு ஐம்பத்தொன்பது,
பூட்டு விழ ஒரு நிமிடம் இருக்க:

எல்லாறும் சிரிச்சா என்ன செய்யோனும்.

வன்முறைக் கட்டம் இல்லை. சூதாட்டம் இல்லை.
எந்தக் கட்டத்திலும் அடங்காது.
விடையாக வந்திருந்தவை
நூறு நகைச்சுவைத் துணுக்குகள்.
ஒன்றையும் அவன் திறக்கவில்லை.

ஏன் தமிழில் கேட்டான்?
ஆங்கிலத்தில் கேட்டால் மெசினுக்கு விளங்கிவிடும் என்றா?
தமிழில் கேட்டால்
எனக்கு விளங்கும் என்றா?

படியில் காலுறைச் சத்தம்.
வந்தான். குளிர்பெட்டியைத் திறந்தான்.
பாலைக் கையில் வைத்துக்கொண்டு
எதற்குத் திறந்தேன் என்று மறந்தவன் போல நின்றான்.
ஆர் சிரிச்சது, என்றேன்.
குளிர்பெட்டி மூடச் சொல்லிக் கத்தத் தொடங்கியது.
அவன் மூடவில்லை.
ஒண்டுமில்லை, என்றான்.

வெளியே வண்டி திரும்பவும் வந்து
வாசலில் இன்னொரு வரம்பு போட்டது.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.
கராஜில் சவல் இரண்டு இருக்கு,
சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வா,
என்றேன்.