எடைமேடை கிராணி கப்பல் கேட்கிறாள்

விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள்:
கடலிலிருந்து எவ்வளவு தூரம்?
பதினெட்டு கிலோமீட்டர், காகம் பறந்தால்.
ஆன்டெனாவுக்கு மறைப்பு ஏதும் உண்டா?
உண்டு. செம்பனை. நாலு பக்கமும்.
ஏன் இதைச் செய்ய விரும்புகிறீர்கள்?
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பெட்டி வந்தது,
சவர்க்காரக் கட்டி அளவு.
பெட்டி அவர்களுடையது,
கூரையும் மின்சாரமும் இணையமும் என் பங்கு.

ஊத்தான் மெலிந்தாங் டவுனில்
ஆ லியோங் கடையில் இரும்புக் குழாய் வாங்கினேன்.
இருபதடி, இரண்டு.
"கோழிக்கூண்டா?" என்றார்.
"கப்பலுக்கு" என்றேன்.
மீதி வெள்ளியை இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.

அஸ்ட்ரோ தட்டு மாட்டும் தயாளன்தான் ஏறினான்.
உச்சியிலிருந்து கத்தினான்,
"அக்கா, இங்கருந்து பாத்தாகூட கடல் தெரியலியே!"
தெரிய வேணாம்டா. கேட்டாப் போதும்.

பகலில் நான் ஆலையின் எடைமேடையில்.
லோரி ஏறும், எண் துள்ளித் துள்ளி நிற்கும்.
குலைகளோடு பதினேழு டன், வெறும் லோரி ஏழு,
கழித்து வருவதற்குத்தான் காசு.
டிரைவர்கள் சீட்டைப் பார்ப்பார்கள்,
சீட்டை நீட்டும் கையை இல்லை.

இரவு பாத்திரம் கழுவி முடித்தால்
கப்பல்கள்.
பெயர், ஒன்பது இலக்க எண், வேகம், போகும் திசை,
எத்தனை மீட்டர் தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது என்பதும்.
அமிழ்வைப் பார்த்தே சொல்லிவிடுவேன்
சுமையா, வெறும் வயிறா.
தொழில் புத்தி.

ஓடுகிறவை சில நொடிக்கொரு தரம் சொல்லும்,
இங்கிருக்கிறேன்.
நங்கூரம் போட்டவை
மூன்று நிமிடத்துக்கொரு தரம்.
இன்னாரிடம் என்று இல்லை,
இடிக்காமல் போனால் சரி என்று எல்லாரிடமும்.
வாங்கி அனுப்புவேன்.
பதில் சொல்ல என் பெட்டிக்கு வாய் கிடையாது.

மழை பெய்தால் ஓலைகள் நனைந்து
பாதிக் கப்பலைக் குடித்துவிடும்.
காய்ந்த சில விடியல்களில்
சுமத்திராக் கரையோரத்து இழுவைப் படகுகூட
பக்கத்து வீட்டு இருமல் போல் கேட்கும்.

ஒருநாள் எண்ணெய்க் கப்பல் ஒன்று,
கிள்ளானிலிருந்து வடக்கே,
அமிழ்வு ஒன்பது புள்ளி நாலு.
அதற்குள் என் செவ்வாய்க்கிழமை இருக்கலாம்:
மாணிக்கவேலு லோரியின் நனைந்த குலைகள்,
வாதாடிக் கழித்த நாற்பது கிலோ.
இல்லாமலும் இருக்கலாம்.
திரையின் ஓரம் தாண்டும்வரை
படுக்கப் போகவில்லை நான்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் இடி விழுந்தது.
என் குழாயில் இல்லை, எதிர்வரிசை மின்கம்பத்தில்.
பெட்டி செத்தது. கூடவே என் அரவை இயந்திரமும்
மாக்சிக் ரொஹானாவின் மீன்தொட்டி பம்பும்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
குழாயை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்,
உள்ளே போய்விட்டார்.
முதல் ஈடு முறுக்கு அந்த வீட்டுக்குத்தான் போனது.

எண்ணெய்ச் சட்டியின் முன் கப்பல்களை மறந்தே போனேன்.
மூன்றாம் நாள் ஒரு மின்மடல்,
எந்த ஊர்க்காரரோ, ஸ்டெலியோஸ் என்று பெயர்.
உங்கள் நிலையம் எழுபத்திரண்டு மணி நேரமாக மௌனம்.
இயந்திரம் தானாக அனுப்புவது, தெரியும்.
அடியில் மட்டும் எழுத்துப் பிழையோடு ஒரு வரி,
கையால் சேர்த்தது:
அந்தத் துண்டுக் கடலில் எங்களுக்கு உங்களை விட்டால் காது இல்லை.
நலமா?

இருபத்திரண்டு வருஷமாக எடைமேடை.
நான் லீவு போட்ட நாளில்
யார் உட்கார்ந்தாலும் லோரியின் எடை ஒன்றுதான்.

மாவுக் கையோடு பதில் தட்டினேன்.
இடி. பெட்டிதான் போச்சு, நான் இருக்கிறேன்.
நிலை: நங்கூரத்தில்.
வேகம்: சுழியம்.
சுமை: முறுக்கு மாவு, ஐந்து கிலோ,
அமிழ்வு
இன்னும் அளக்கவில்லை.